நான்காம் அத்தியாயம்: மேட்டுக்கு ஏறும் கேமிங் மெஷின்

"அண்ணே, எந்தக் கார்டு போடலாம்?"

போடிமெட்டு, பூப்பாறை, சூரியநெல்லி பக்கத்துத் தம்பிகள் கேமிங் மெஷின் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் வருவது இந்தக் கேள்விதான். நான் திருப்பிக் கேட்பேன்: "ராத்திரி ஏழு மணிக்கு உன் வீட்டுல கரண்ட் எத்தனை வோல்ட் வருது?" அதற்குப் பெரும்பாலும் பதில் வராது. கீழே மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ இருப்பவருக்கு அந்தக் கேள்வியே தேவைப்படாமல் இருக்கலாம். ஏறக்குறைய 4,500 அடி உயரத்தில், மலையில் பாதி நாள் மேகம் படுத்திருக்கும் ஊரில், மெஷினின் பாகங்களில் கரண்டும் ஒன்று, ஈரமும் ஒன்று. இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடாமல் எழுதி வாங்கும் கொட்டேஷன் இந்த ஊருக்கு எழுதியது ஆகாது.

பாகங்கள் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்க வேண்டும் என்பதை ஏலக்காய் ஸ்டோர் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒரு நாள் எடுப்பில் 500 கிலோ பச்சைக்காய் வருகிறது, டிரையர் 200 கிலோதான் கொள்ளும் என்றால் மீதிக் காய் காத்துக் கிடந்து நிறம் மங்கும். எடுப்புக்கு இன்னும் பத்து ஆள் விட்டாலும் அன்றைக்குக் காய்ந்து இறங்கும் காய் ஒரு கிலோ கூடாது. கணினியிலும் கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர், ராம் மூன்றில் எது பிந்துகிறதோ அதன் வேகம்தான் திரையில் தெரியும். ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம் 360 கணினியை வடிவமைத்த ஜீன் ஆம்டால் பெயரில் ஒரு பழைய கணக்கு உண்டு. நொடிக்கு ஒரு கட்டளையை முடிக்கும் திறனுக்கு ஒரு பைட் மெமரியும், நொடிக்கு ஒரு பிட் உள்ளே வெளியே போய்வரும் வழியும் இருக்க வேண்டும் என்பது அது. அந்த எண்கள் இன்றைய மெஷினுக்கு அப்படியே பொருந்தா. ஒரு பாகத்தைத் தனியாக எடைபோடக் கூடாது என்ற அவருடைய யோசனை இன்றும் பொருந்துகிறது.

திரையிலிருந்து தொடங்குங்கள்

முதலில் மானிட்டரை முடிவு செய்யுங்கள். கார்டு எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதைச் சொல்வது மானிட்டர்தான். 1080பி திரையில் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 83 லட்சம், அதாவது முதலாவதைப் போல நான்கு மடங்கு. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு படம் வரைய 16.7 மில்லி செகண்ட் கிடைக்கும். 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 6.9 மில்லி செகண்ட்தான். புள்ளிகள் கூடினால் பாரம் கார்டின் மேல் விழும். படங்களின் எண்ணிக்கை கூடினால் பிராசஸரும் சேர்ந்து ஓட வேண்டும்.

எனவே எந்த விளையாட்டு என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். வேலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 ஆடுகிறவருக்கு 1080பி, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட திரை. அங்கே பணத்தைப் பிராசஸர் பக்கம் கொஞ்சம் சாய்க்கலாம். சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போன்றவற்றை நிதானமாக ஊர் சுற்றிப் பார்த்து ஆடுகிறவருக்குக் கார்டுதான் எல்லாம். இரண்டையும் ஆடுகிறவர், அதாவது நம்மில் பெரும்பாலோர், கார்டுக்கு முதலிடம் கொடுத்துவிட்டுப் பிராசஸரை நடுத்தரத்தில் நிறுத்தினால் தவறு வராது.

மெமரி விலை 2025 இறுதியில் கிடுகிடுவென ஏறியதிலிருந்து ரூபாய்க் கணக்கை அச்சில் போடுவது வீண். பங்காகச் சொல்கிறேன். மானிட்டர் நீங்கலாக உங்களிடம் இருப்பதை 100 என்று வைத்துக்கொண்டால் கார்டுக்கு 35, பிராசஸருக்கு 16, மதர்போர்டுக்கு 11, ராமுக்கு 12, எஸ்எஸ்டிக்கு 8, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 8, கேபினெட்டுக்கு 4. மீதி 6 யுபிஎஸ், எர்த் வேலைகளுக்கு. நகரத்துக் கொட்டேஷன்களில் இந்தக் கடைசி ஆறு இருக்காது. அதை வெட்டி அடுத்த ரகக் கார்டுக்குத் தாவ மனசு இழுக்கும். வெட்டாதீர்கள், காரணம் கீழே வருகிறது.

கார்டும் பிராசஸரும்

கார்டு வாங்கும்போது அதன் சொந்த மெமரியைப் பாருங்கள். 1080பி திரைக்கு 8 ஜிபி இன்றைக்குக் குறைந்தபட்சம். 2023இல் கணினிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் விளையாட்டு 8 ஜிபி கார்டுகளைத் திணறடித்தது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டு, ரே டிரேசிங் வசதியும் 8 ஜிபியும் இல்லாத கார்டைத் தன் குறைந்தபட்சப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. நாலைந்து வருஷம் ஓட்டப்போகும் மெஷின், 1440பி திரை என்றால் 12 அல்லது 16 ஜிபிக்குப் போவது நல்லது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் ஒரே பெயரில் விற்கின்றன. பில்லில் அந்த எண்ணைத் தனியாக எழுதச் சொல்லி வாங்குங்கள்.

பிராசஸர் பெயரில் ஒரு எழுத்து தலையெழுத்தையே மாற்றும். ரைசன் 5 5600, ரைசன் 5 5600ஜி இரண்டும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, இதுல கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு, கார்டு அப்புறம் போட்டுக்கலாம்" என்பார். ஆனால் 5600இல் எல்3 கேஷ் 32 எம்பி, ஜி-யில் 16 எம்பி. 5600 கார்டோடு பிசிஐஇ 4.0 வழியில் பேசும், ஜி 3.0 வழியில்தான் பேசும். அதில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்று நான்கே தடம் உள்ள கார்டைப் பிறகு போட்டால் வழி பாதியாகச் சுருங்கி, விளையாட்டு நடுவில் முட்டி முட்டி நிற்கும். 5500-க்கும் இதே குறைகள் உண்டு. பின்னால் கார்டு போடும் எண்ணம் இருப்பவர் ஜி வாங்குவது, சின்ன டிரையரைக் கட்டிவிட்டுத் தோட்டத்தை விரிப்பது போலத்தான்.

இன்டெல்லில் எஃப் என்ற எழுத்தைக் கவனியுங்கள். ஐ5-12400எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. எஃப் இல்லாத 12400இல் வரும். ரைசன் 7500எஃப், 7600 இரண்டுக்கும் இடையே உள்ள முக்கிய வித்தியாசமும் இதுவே. நகரத்தில் இருப்பவருக்கு எஃப் வாங்கி மிச்சப்படுத்தச் சொல்வேன். மேட்டில் இருப்பவருக்குச் சொல்ல மாட்டேன். கார்டு பழுதாகி வாரன்டிக்குப் போனால் திரும்ப வர வாரக்கணக்கு ஆகும். அதுவரை பிள்ளையின் பாடம், தோட்டத்துக் கூலிக் கணக்கு, பரீட்சை விண்ணப்பம் எல்லாம் அந்த மெஷினில்தான் நடக்க வேண்டும். உள் கிராபிக்ஸ் இருந்தால் மானிட்டர் வயரை மதர்போர்டுக்கு மாற்றினால் போதும், வேலை ஓடும்.

2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட்டில் பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்ற வழி இருக்கிறது. டிடிஆர்5 ராம் மட்டுமே அதில் ஏறும். ஏஎம்4-ம் இன்டெல்லின் எல்ஜிஏ1700-ம் அவற்றின் கடைசிக் கட்டத்தில் நிற்பவை. மெமரி விலை ஏறிக்கிடக்கும் நேரத்தில் பழைய டிடிஆர்4 ராம் கையில் இருந்தால் அவற்றிலேயே ஒரு மெஷின் கட்டுவதும் தப்பில்லை.

ராமை எப்போதும் ஜோடியாக வாங்குங்கள். 16 ஜிபி வேண்டுமென்றால் ஒரு 16 அல்ல, இரண்டு 8. டிடிஆர்4-3200 ஒற்றைக் குச்சி நொடிக்கு 25.6 ஜிபி கொண்டுவரும், இரண்டு சேர்ந்தால் 51.2. நான்கு இடம் இருக்கும் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருக வேண்டும். டிடிஆர்5இல் நான்கு குச்சி போடும் ஆசையை விட்டுவிடுங்கள். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு குச்சிக்கு 5200, நான்கு குச்சிக்கு 3600. அசெம்பிள் முடிந்ததும் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்யாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய வேகம் தூங்கிக்கொண்டேயிருக்கும். பழுது என்று என்னிடம் வந்த மெஷின்களில் இதை மட்டும் ஆன் செய்து திருப்பி அனுப்பியவை உண்டு.

எஸ்எஸ்டி பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 1 டிபி என்விஎம்இ போதும். 3,500 எம்பி வேகத்துக்கும் 7,000 எம்பி வேகத்துக்கும் விளையாட்டு திறக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தப் பணம் கார்டுக்குப் போகட்டும். ஒன்று மட்டும்: ஆன்லைன் ஆட்டத்தில் பிங் எகிறினால் அதைக் கார்டு குறைக்காது. வைஃபையை நம்பாமல் லேன் வயர் இழுங்கள்.

கரண்ட்

கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுறுசுறுவென்று எறும்பு ஊர்வது போல இருக்கிறதா? டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறதா? பலர் மெஷினில் லீக்கேஜ் என்று பதறி எஸ்எம்பிஎஸ் மாற்றுகிறார்கள். புதியதைப் போட்டாலும் அதே சுறுசுறுப்பு. பழுது மெஷினில் இல்லை, பிளக் பாயின்டில். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே, மற்றது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே. எர்த் வயர் மண்ணுக்குப் போகவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிய இரும்புப் பெட்டி 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். ஓடும் கரண்ட் மிகச் சிறியது, ஆளைத் தூக்கி எறியாது. ஆனால் எச்டிஎம்ஐ வயரைச் செருகும் அந்த நொடியில் மானிட்டருக்கும் கார்டுக்கும் இடையே அது பாயும்போது போர்ட் போய்விடக்கூடும்.

எஸ்டேட் லயத்திலும் பழைய வீடுகளிலும் மூன்று ஓட்டை பாயின்ட் இருக்கும், மூன்றாவது ஓட்டையின் பின்னால் வயரே இருக்காது. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு டெஸ்ட் லாம்ப் போட்டுப் பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பு, நியூட்ரலில் எரிவது போலவே பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் எர்த் குழி பார்க்க வேண்டும். நம் பக்கம் பாறைமண். கரியும் உப்பும் போட்டுக் குழியை ஆழமாக எடுத்தால்தான் ஈரம் பிடித்து வேலை செய்யும். வாடகை வீடு என்றாலும் இதற்கு வீட்டுக்காரரிடம் பேசுங்கள். மெஷினுக்கு மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்கள் உயிருக்கும் அதுதான் காவல்.

அடுத்து எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிள். அதில் 'இன்புட்' என்ற வரியை மட்டும் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் வாங்குங்கள். 200–240 என்று இருந்தாலோ, பின்னால் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். முதல் ரகத்தில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இருக்கிறது. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கும் மோட்டாரும் ஓடி வோல்டேஜ் 170க்கு இறங்கினாலும் அது அசராமல் ஓட்டும். இரண்டாவது ரகம் சரியாக ஆட்டத்தின் உச்சத்தில், கார்டு அதிகம் இழுக்கும் நேரத்தில், பட்டென்று அணையும். அப்போது திட்டு கார்டுக்கு விழும். 80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்ற முத்திரைகள் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைச் சொல்பவை, எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை அல்ல. வாரன்டி ஐந்து வருஷமா, மூன்றா என்பதில் அந்த உழைப்பு ஓரளவு தெரியும்.

வாட் கணக்கு எளிது. ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 145 வாட், ஆட்டத்தின்போது ரைசன் 7600 சுமார் 70, மற்றவை 40. மாற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 280–300 வாட். 550 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். 750 வாட் போட்டால் கரண்ட் பில் கூடிவிடாது, தேவையானதை மட்டுமே இழுக்கும். ஆனால் அதற்குக் கொடுத்த கூடுதல் பணம் வேறு இடத்தில் உதவியிருக்கும்.

யுபிஎஸ்ஸில் ஏமாறுவது விஏ என்ற எண்ணில். 600 விஏ பெட்டிகளில் பல 360 வாட்தான் தாங்கும். மேலே சொன்ன மெஷினோடு மானிட்டரையும் மாட்டினால் விளிம்பில் நிற்கும். பேட்டரி கொஞ்சம் பழசானால் கரண்ட் போன நொடியே பீப் அடித்து அணைந்துவிடும். 1,000 விஏ, 600 வாட் என்று இரண்டையும் அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். லைன் இன்டராக்டிவ் ரகமாக இருந்தால் வோல்டேஜைத் தானே திருத்திக்கொடுக்கும், தனியாக ஸ்டெபிலைசர் வேண்டாம். யுபிஎஸ் என்பது ஆட்டத்தை முடித்துச் சேமித்து அணைப்பதற்கான பத்து நிமிஷம். மழைக்காலத்தில் மணிக்கணக்கில் கரண்ட் போகும்போது ஆடுவதற்கு அதை நம்பக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை இடிகள் இந்த மலையில் எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும். ஸ்பைக் கார்டு, யுபிஎஸ் எதுவும் பக்கத்தில் விழும் இடிக்கு நிற்காது. பிளக்கைப் பிடுங்குங்கள். கூடவே லேன் வயரையும் பிடுங்குங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவரின் மதர்போர்டு, லேன் வயர் வழியே வந்த இடியில் போனதை நான் பார்த்திருக்கிறேன். பிராட்பேண்ட் ஃபைபராக இருந்தாலும் மோடத்திலிருந்து மெஷினுக்கு வருவது செம்பு வயர்தான்.

மேகமும் ஈசலும்

உயரத்தில் காற்று மெலிந்தது. கடல் மட்டத்தோடு பார்த்தால் இங்கே சுமார் 15 சதவீதம் அடர்த்தி குறைவு. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் கொஞ்சம் குறைவான சூட்டையே அள்ளிப்போகும். இதைக் கேட்டுப் பயந்து சிலர் தண்ணீர் கூலர் வாங்குகிறார்கள். தேவையில்லை. சித்திரையில் போடியில் 36 டிகிரி அடிக்கும்போது மேலே அதைவிட நன்றாகக் குளிர்ச்சியாக இருக்கும். மெலிந்த காற்றால் இழந்ததை அந்தக் குளிர்ச்சி ஈடுகட்டி மிச்சமும் வைக்கும். 65 வாட் பிராசஸருக்குப் பெட்டியோடு வரும் கூலரே ஓட்டிவிடும். சத்தம் பிடிக்காதவர் சாதாரண டவர் கூலர் போடலாம். இந்த ஊர் நமக்குக் கொடுக்கும் சலுகை இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஈரம்தான் சலுகை தராது. ஆடி மாதம் ஜன்னலைத் திறந்தால் மேகம் அறைக்குள் வரும். ஓடுகிற மெஷின் சூட்டில் தன்னைத்தானே காயவைத்துக்கொள்ளும்; வாரக்கணக்கில் அணைந்து கிடப்பதில்தான் பச்சை பூக்கும். ஆடாவிட்டாலும் தினமும் அரைமணி நேரம் ஓட விடுங்கள். சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்காமல் ஒரு அடி உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கேபினெட் முன்பக்கம் வலையாகவும், வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவும் ஃபில்டராகவும் இருக்கட்டும். முதல் மழை விட்ட ராத்திரி கலர் லைட் எரியும் கேபினெட்டைத் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே கார்டின் ஃபேன் இடுக்கெல்லாம் ஈசல் இறக்கை. வெளிச்சத்துக்கு வந்தவை. பல்லியும் அவற்றைத் தேடி எஸ்எம்பிஎஸ் வரை போகும். கலர் லைட்டுக்குக் கொடுக்கும் பணம் இங்கே பூச்சிக்கு வைக்கும் விருந்து. பின்பக்கம் காலியாக இருக்கும் ஸ்லாட்டுகளைத் தகடு போட்டு மூடிவிடுங்கள்.

பதினேழு வளைவு

எங்கே வாங்குவது? ஜிஎஸ்டி தமிழ்நாடு, கேரளா இரண்டு மாநிலத்திலும் 18 சதவீதம்தான், வரியில் லாபம் இல்லை. பழுதானால் எந்தப் பக்கம் தூக்கிப் போவீர்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். போடி, தேனி, மதுரை ஒரு வழி. மூணாறு, கொச்சி இன்னொரு வழி. கேப் ரோட்டில் மண் சரிந்தால் இரண்டாவது வழி அடைபடும், 2019, 2020 மழைகளில் பார்த்தோம். 2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்ப வந்தபிறகு சென்னைக்கு நேராகப் போய் வருவதும் எளிதாகிவிட்டது. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கீழே அசெம்பிள் செய்து கொண்டுவந்தால், கார்டைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் வைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டவர் கூலர் இருந்தால் அதையும் கழற்றுங்கள். ஒரு கிலோ எடை ஒரே ஒரு ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் குலுங்கினால் ஸ்லாட் விரிசல் விடும். கேபினெட்டைப் படுக்கவைத்து, மதர்போர்டு அடியில் வரும்படி, சாக்கின் மேல் வையுங்கள். மேலேயிருந்து பழுதுபார்க்கக் கீழே கொண்டுபோகும்போது இன்னொரு கவனம் வேண்டும். மலைக்குளிரில் இருந்த இரும்பு போடியின் வெக்கையில் கண்ணாடி போல வியர்க்கும். கடைக்காரரிடம் இரண்டு மணி நேரம் கழித்து ஆன் செய்யச் சொல்லுங்கள்.

வீட்டில் மாட்டியதும் பொருத்தம் சரியா என்று பார்க்க, நீங்கள் அதிகம் ஆடும் விளையாட்டை அரைமணி ஓடவிட்டு, ஆஃப்டர்பர்னர் போன்ற செயலியில் எண்களைத் திரையில் வரவழையுங்கள். கார்டு 95 சதவீதத்துக்கு மேல் உழைத்து, பிராசஸர் 50–70இல் நின்றால் கார்டு முழுதாக வேலை செய்கிறது. கார்டு 60இல் நின்று ஆட்டம் தடுமாறினால் பிராசஸரோ ராமோ பிந்துகிறது. முதலில் அந்த எக்ஸ்எம்பியையும், குச்சிகள் இருக்கும் இடத்தையும் பாருங்கள். வேலரன்டில் கார்டு 60இல் நிற்பது மட்டும் சகஜம், அதைப் பழுதென்று நினைக்க வேண்டாம். சராசரி எஃப்பிஎஸ் 120 காட்டும்போது '1 சதவீதத் தாழ்வு' என்ற எண் 30க்கு விழுந்தால் கண்ணுக்குத் தெரிவது அந்த 30தான். இதே சோதனையைப் பகலில் ஒருமுறையும், ஊரெல்லாம் விளக்கெரியும் ராத்திரி ஏழரைக்கு ஒருமுறையும் செய்யுங்கள். இரண்டிலும் மெஷின் அணையாமல் ஓடினால் பில்லையும் காலிப் பெட்டிகளையும் பாலித்தீன் பையில் கட்டி, அடுப்படிப் பக்கத்துப் பரணில், ஈரம் ஏறாத இடத்தில் போட்டு வையுங்கள்.